‘கொதிச்சுதா?’ என்று கேட்டவருக்கு இரண்டாம் மேசையின் மடல்

முப்பத்து நான்கு ஆண்டுகளாக, முதல் மாடியின் மூலை அறையில் நின்றபடியே நிறம் பார்த்து நீதி சொன்ன எங்கள் தலைமை ஆய்வாளர் அவர்களே! நீலம் கண்டால் நைட்ரஜன் என்றும், ஊதா கண்டால் கந்தகம் என்றும், வெள்ளை கண்டால் மட்டும் “பொறுங்க, இன்னொரு தடவ பாத்துடுவோம்” என்றும் உரைத்த உண்மையின் உறைவிடமே! சோடியத்தின் சீற்றத்தையும் மேலதிகாரிகளின் சீற்றத்தையும் ஒரே இடுக்கியால் பிடித்து, ஒரே நிதானத்தோடு கையாண்ட சீர்மிகு செம்மலே! கறை படிந்த விரல்களும் கறை படியாத கையெழுத்தும் கொண்ட கண்ணியமே! அம்மையீர், எங்கள் அனைவரின் வணக்கம்.

இம்மடலை எழுதும் பொறுப்பு இரண்டாம் மேசைக்கு வந்த விதத்தை முதலில் விண்ணப்பித்துக்கொள்கிறோம். விடைபெறும் விழாவுக்கான குழு கூடியபோது, நம் ஸ்டோர்க்காரர் ஒரு நொடியும் யோசிக்காமல் இரண்டாம் மேசையைக் கைகாட்டினார். “புலவர் இருக்கும்போது வேற யாரு? நல்லா பெரிய பெரிய வார்த்தையா போடுங்க புலவரே. மேடம் கண்ணுல தண்ணி வரணும், மடல கண்ணாடி போட்டு மாட்டினா சுவரே நிமிந்து நிக்கணும்.” ஆய்வறிக்கையில்கூட அடுக்குமொழி எழுதி உங்களிடம் அடிக்கடி வாங்கிக்கட்டிக்கொண்டவர் என்பதால், இரண்டாம் மேசை ஆய்வாளருக்கு அலுவலகம் வைத்த பெயர் அது. அவரும் மறுக்கவில்லை. மறுக்காததற்கு அவருக்கு வேறொரு காரணம் இருந்தது. அதைப் பிறகு அவரே சொல்வார்.

அம்மையீர்! இவ்வரங்கில் உங்கள் கணவரும் மகளும் மருமகனும் சம்பந்தி வீட்டாரும் அமர்ந்திருக்கிறார்கள். இத்தனை ஆண்டுகள் நீங்கள் ‘லேபுக்குப் போறேன்’ என்று சொல்லிவிட்டு வந்து செய்ததென்ன என்பதை அவர்களும் அறிய வேண்டும் அல்லவா?

ஒரு பொடியைக் கையில் கொடுத்து, இந்தக் கரிமச் சேர்மத்துக்குள் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று கேட்டால், அது தானாக வாய் திறக்காது. கார்பனோடு கைகோத்து உள்ளே பதுங்கியிருக்கும் நைட்ரஜனையும் கந்தகத்தையும் குளோரினையும் வெளியே வரவழைத்தாக வேண்டும். மண்ணெண்ணெயில் மூழ்கிக் கிடக்கும் சோடியத்தை எடுத்து, பட்டாணியில் பாதியளவு வெட்டி, வடிதாளில் ஒற்றி, சிறு கண்ணாடிக் குழாயில் இட்டு உருக்கி, அதன்மேல் பொடியைச் சிட்டிகையளவு தூவி, குழாய் செக்கச்செவேலென்று பழுக்கும்வரை காய்ச்சி, பீங்கான் கிண்ணத்துத் தண்ணீரில் சட்டென்று போட வேண்டும். படாரென்று குழாய் உடையும். புதிதாக வேலைக்கு வந்தவர் ஓரடி பின்னால் போவார். நீங்கள் அவரைப் பார்க்காதது போலப் புன்னகைப்பீர்கள்.

அந்தத் தண்ணீரை வடித்து மூன்று குழாய்களில் பங்கிட்டால், ஒன்றில் பெரஸ் சல்பேட்டும் அமிலமும் பட்டு நீலம் பிறக்கும், அது நைட்ரஜன். இன்னொன்றில் நைட்ரோபுரூசைடு ஒரு சொட்டு விழுந்ததும் ஊதா எழுந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கும், அது கந்தகம். மூன்றாவதில் சில்வர் நைட்ரேட் விட்டால் தயிர் போல வெள்ளையாகப் படியும், அது குளோரின். ஆனால் அந்த மூன்றாவது குழாயில்தான் ஒரு கண்ணி இருக்கிறது. நைட்ரஜன் உள்ள பொருளின் வடிநீரில் சயனைடும் இருக்கும். அதுவும் சில்வர் நைட்ரேட்டைக் கண்டால் வெள்ளையாகவே படியும். ஆகவே முதலில் நைட்ரிக் அமிலம் விட்டு, புகை உறிஞ்சும் கூண்டுக்குள் வைத்து நன்றாகக் கொதிக்கவிட்டு, சயனைடை ஆவியாக விரட்டிவிட வேண்டும். கொதிக்க வைக்காதவர் கண்ணுக்கு, இல்லாத குளோரின் இருப்பதாகவே தெரியும். சபையோர் இந்த ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

காலை ஒன்பதரைக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து, எந்தப் பொடியும் சேர்க்காமல் வெறும் சோடியத்தை மட்டும் உருக்கி, மூன்று குழாயும் நிறமற்று நிற்கின்றனவா என்று பார்த்த பிறகே அன்றைய வேலையைத் தொடங்கிய நிதானத்தை நாங்கள் என்னவென்று போற்றுவோம்! “ஒண்ணுமே போடலன்னா ஒண்ணுமே வரக்கூடாது. அத மொதல்ல பாருங்க” என்று நீங்கள் சொன்னதை, வீட்டில் பிள்ளைகள் சண்டையில் தீர்ப்புச் சொல்லும்போதுகூட நாங்கள் பயன்படுத்தி வருகிறோம். சில்வர் நைட்ரேட் பட்டுக் கறுத்த உங்கள் விரல்நுனிகள், உங்கள் மகளின் திருமணப் படத்தில் அத்தனை பட்டுக்கும் பூவுக்கும் நடுவே தனியாகத் தெரிகின்றன. படம் எடுத்தவர் கைகளைப் பின்னால் மறைக்கச் சொன்னாராம். “இது வேல செஞ்ச கை, இருக்கட்டும்” என்றீர்களாம்.

தண்ணீர்க் கதையையும் சொல்லாமல் விட முடியுமா? காய்ச்சி வடிக்கும் கருவி பழுதான ஒருநாள், நம் உதவியாளர் அண்ணன் கேனைக் குழாயடியில் பிடித்து நிரப்பி வைத்துவிட்டார். அன்று காலை சர்க்கரையில் குளோரின், மெழுகில் குளோரின், ஒன்றுமே போடாத குழாயிலும் குளோரின்! “என்னங்க இது, உலகமே குளோரினா இருக்கு?” என்று நீங்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். வாசலில் நின்ற அண்ணன் தலையைச் சொறிந்தபடி, “நான்தான் மேடம். கேன் காலியா இருந்துச்சு, குழாய்ல புடிச்சு வச்சுட்டேன்” என்றார். திட்டு விழும் என்று எதிர்பார்த்தோம். நீங்களோ சிரித்துவிட்டீர்கள். “சொன்னீங்களே, அது போதும். இல்லன்னா இன்னிக்கு முழுக்க தேடியிருப்போம். அரை நாள் மிச்சம்.” அண்ணன் அதை இன்றுவரை பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். அன்று அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நின்றவர்களில் ஒருவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

இனி, உங்கள் பெயர் சொன்னாலே எல்லோருக்கும் நினைவு வரும் அந்தக் கேள்விக்கு வருவோம். பதினொரு ஆண்டுகளாக நம் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. குளோரின் பார்ப்பவர் தாமே கொதிக்க வைத்ததாக எழுதிக்கொண்டால் செல்லாது, பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்து “கொதிச்சுதா?” என்று வாய்விட்டுக் கேட்டு, குழாயைக் கண்ணால் பார்த்து, குறிப்பேட்டில் ‘கேட்டவர்’ என்ற கோட்டின்மேல் கையெழுத்திட வேண்டும். இதை நீங்கள் கொண்டுவந்த நாளிலிருந்து, வணக்கத்துக்குப் பதிலாகவே இதைக் கேட்கிறவர்கள் நாங்கள். டீ கொண்டுவருபவரிடம் கேட்டோம். விடுப்பு முடிந்து வந்தவரிடம் கேட்டோம். “எங்கம்மா வீட்டுல பால் வச்சாலும் ரெண்டு தடவ கேப்பாங்க, பக்கத்து வீட்டுக்காரங்கள கூப்பிட்டு கையெழுத்து வாங்காததுதான் பாக்கி” என்று உங்கள் மகள் சொன்னதாகவும் கேள்வி.

கேலியோடு நின்றிருந்தால் நன்றாயிருந்திருக்கும். புதிதாக வந்த ஒவ்வொருவருக்கும் கேன்டீனில் ஒரு கதையும் சொல்லப்பட்டது. “மேடமே ஒரு தடவ கொதிக்க வைக்க மறந்துட்டாங்களாம். பெரிய பிரச்சன ஆயிடுச்சாம். அதான் நம்மள போட்டு இந்தப் பாடு படுத்துறாங்க.” சொன்னவர்களும் சிரித்தோம், கேட்டவர்களும் சிரித்தார்கள். அது உங்கள் காதுக்கும் எட்டியிருக்கும். நீங்கள் ஒரு நாளும் அதை மறுக்கவில்லை.

இதுவரை எழுதியது நாங்கள். இனி எழுதுவது நான், இரண்டாம் மேசை.

பதினொரு ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது இது. நான் வேலைக்குச் சேர்ந்து பதினொரு மாதம் ஆகியிருந்தது. இன்னும் ஒரு மாதம் தப்பில்லாமல் கழிந்தால் வேலை நிரந்தரம். அப்போது ஒரு மருந்துக்கடையிலிருந்து காய்ச்சல் பொடி ஒன்று சோதனைக்கு வந்தது. அதைச் சாப்பிட்ட ஒருவருக்கு உடம்பெல்லாம் தடித்துவிட்டது. ஏதோ கலப்படம் என்று புகார். அந்தப் பொடியில் நைட்ரஜன் இருக்க வேண்டும், குளோரின் இருக்கக் கூடாது. என் முதல் குழாயில் நீலம் அழகாக வந்தது. மூன்றாவது குழாயைக் கொதிக்க வைக்கப் போனேன். கூண்டுக்குள் இருந்த ஒரே பர்னரில் வேறொருவரின் வேலை நடந்துகொண்டிருந்தது. அது முடியட்டும் என்று காத்திருந்தேன். இடையில் வேறு வேலைக்குப் போய், காத்திருந்ததை மறந்தேன். திரும்பி வந்து சில்வர் நைட்ரேட்டை விட்டேன். வெள்ளையாகப் படிந்தது. ‘குளோரின் உண்டு’ என்று அறிக்கை எழுதினேன். நீங்கள் என்னை நம்பிக் கையெழுத்திட்டீர்கள். கடைக்குப் பூட்டு விழுந்தது.

ஒன்பதாம் நாள் அந்தக் கடையம்மா மிச்சப் பொடியோடு நம் ஆய்வகத்து பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். “என் பொடில நீங்க சொல்றது இல்லங்க. இருக்கவே முடியாது. இருபது வருஷமா நானே கையால கட்டிக் குடுக்கறேன்.” நீங்கள் அவரைத் திருப்பி அனுப்பவில்லை. அவர் கண்முன்னாலேயே சோடியத்தை வெட்டினீர்கள். கொதிக்க வைத்த குழாய் தெளிந்த தண்ணீராகவே நின்றது. கொதிக்க வைக்காத குழாய் வெளுத்தது. இரண்டையும் என் மேசையில் கொண்டுவந்து வைத்து, தணிந்த குரலில் கேட்டீர்கள்: “அன்னிக்கு கொதிச்சுதா?”

“கொதிச்சுது மேடம்” என்றேன்.

அம்மையீர், அது மறதி இல்லை. அது பொய். வெளுத்த குழாய் என் எதிரில் நின்றுகொண்டிருந்தது. என் குறிப்பேட்டில் ‘கொதித்ததா’ என்ற கோடு காலியாகக் கிடந்தது. நீங்கள் அந்தப் பக்கத்தைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள், குறிப்பேட்டை மூடினீர்கள்.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். “சோதனைல தப்பு நடந்திருக்குன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. யார் பொறுப்பு?” என்று கேட்டார்கள். “கையெழுத்து என்னுது. கொதிச்சுதான்னு கேக்காம போட்டது நான். பொறுப்பும் என்னுதுதான்” என்றீர்கள். நீங்கள் பொய் சொல்லவில்லை. கொதிக்க வைக்காதது யார் என்ற அடுத்த கேள்வியை அவர்கள் கேட்கவில்லை. கடை திறந்தது. தடிப்புக்குக் காரணம் வேறு என்று மருத்துவரும் சொல்லிவிட்டார். உங்கள் பணிப்பதிவேட்டில் மட்டும் சிவப்பு மையில் ஒரு கண்டனம் ஏறியது. அடுத்த ஆண்டு உங்களுக்கு வரவேண்டிய துணை இயக்குநர் நாற்காலி வேறொருவருக்குப் போனது. எனக்கு வேலை நிரந்தரமானது. இனிப்பு கொடுக்க உங்கள் அறைக்கு வந்தேன். அப்போதும் வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு, “மேடம், அந்த விஷயம்...” என்று இழுத்தேன். “எங்கிட்ட எதுவும் சொல்ல வேண்டாம். அந்தக் கடையம்மாகிட்ட போய் சொல்லுங்க. அப்புறமா வாங்க” என்றீர்கள்.

நான் போகவில்லை. இன்று போகலாம், நாளை போகலாம் என்று பதினொரு ஆண்டு போய்விட்டது. தண்ணீர் பிடித்த அண்ணன் ஒரு வாக்கியத்தில் நமக்கு அரை நாளை மிச்சப்படுத்தினார். நான் ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் உங்கள் பதினொரு ஆண்டைச் செலவழித்தேன். கேன்டீனில் அந்தக் கதையைப் புதியவர்களுக்குச் சொன்னவர்களில் நானும் இருந்தேன்.

சென்ற வாரம் போனேன். கடையம்மா தராசை நிறுத்திவிட்டு நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். “நீங்கதானா அது?” என்றார். தராசில் இருந்ததைப் பொட்டலமாகக் கட்டி வைத்தார். பிறகு, “பூட்டு தொறந்த அன்னிக்கு உங்க மேடம் கடைக்கே வந்தாங்க. ‘தப்பு எங்களோடது, மன்னிச்சுக்குங்க’ன்னு நின்னுக்கிட்டே சொன்னாங்க. யாரோடதுன்னு நானும் கேக்கல. உங்கமேல எனக்குக் கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன் தம்பி. ஆனா வந்தீங்கள்ல” என்றார். விழாவுக்கு அழைத்தேன். மூன்றாம் வரிசையில், ஜன்னலோரம் அமர்ந்திருக்கிறார்.

இந்தப் பகுதியை நேற்று குழுவினருக்குப் படித்துக் காட்டினேன். விடைபெறும் விழாவில் இதெல்லாம் வேண்டுமா என்று யாராவது கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. ஸ்டோர்க்காரர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, “நானும் அந்தக் கதைய பத்து பேருக்காவது சொல்லியிருப்பேனே புலவரே” என்றார். பிறகு, “முழுசா படிங்க. ஒரு வரி விடாதீங்க” என்றார். இன்று காலை என் வாக்குமூலத்தை இயக்குநரிடம் எழுத்தில் கொடுத்தேன். உங்கள் பதிவேட்டோடு அதைச் சேர்த்து, அந்தச் சிவப்பு வரியை மறுபடி விசாரிக்க மேலே அனுப்புவதாக அவர் சொல்லியிருக்கிறார். என்மேல் வரும் நடவடிக்கை எதுவாக இருந்தாலும் அது எனக்கு உரியது. அதற்காக யாரும் என்னிடம் பரிவு காட்ட வேண்டாம்.

மீண்டும் நாங்கள்.

அம்மையீர்! கறை படியாத கையெழுத்து என்று மேலே எழுதினோம். அலங்காரத்துக்காக எழுதவில்லை, அறிந்தே எழுதினோம். ஒருவர் செய்த பிழையை ஊரறிய ஏற்று, அந்தப் பிழை இன்னொருவருக்கு நேராதிருக்க ஒரு கேள்வியை வழக்கமாக்கி, அந்தக் கேள்விக்காகவே கேலிக்கும் ஆளாகி, கேலி செய்தவர்களின் குழாய்களையும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துச் சரி சொன்ன பொறுமைக்கு எந்தச் சொல்லை ஈடாக வைப்போம்! இந்தப் பதினொரு ஆண்டில் இந்த ஆய்வகத்திலிருந்து ஒரு தவறான குளோரின் முடிவுகூட வெளியே போகவில்லை. இன்னொரு கடைக்குப் பூட்டு விழவில்லை. அதற்கு எங்கள் நன்றி. எங்களைச் சிரிக்க விட்டதற்கும் நன்றி. சிரித்ததற்கு மன்னிப்பு.

இனி வரும் காலைகள் உங்களுக்குப் படாரென்ற சத்தமில்லாமல் விடியட்டும்! நீங்கள் பார்க்கும் நிறங்களெல்லாம் எதையும் நிரூபிக்கத் தேவையில்லாத நிறங்களாக இருக்கட்டும்! கறுத்த விரல்நுனிகள் மெல்ல வெளுத்து, பேரப்பிள்ளைகள் பிடித்து நடக்கும் விரல்களாகட்டும்! உடல்நலமும் உள்ளநிறைவும் கூடி, உங்கள் துணைவரோடும் சுற்றத்தோடும் நூறு கண்டு நீங்கள் வாழ்க! வீட்டில் பால் பொங்கும்போது எங்களையும் ஒருதரம் நினைத்துக்கொள்க!

ஒரு வேண்டுகோளும் உண்டு. எழுதியதை அடிக்கக் கூடாது, விட்டதை அன்றைய தேதியிட்டுக் கூடுதலாக எழுதலாம் என்பது நீங்கள் வகுத்த விதி. அதன்படி, இயக்குநர் முன்னிலையில் பழைய குறிப்பேட்டை எடுத்து, காலியாகக் கிடந்த கோட்டை இரண்டாம் மேசை இன்று நிரப்பி, அந்நாளில் இல்லாத ‘கேட்டவர்’ கோட்டையும் அதன் கீழே வரைந்திருக்கிறார். அந்தப் பக்கத்தின் நகல் இம்மடலின் அடியில், இதே சட்டத்துக்குள் இருக்கிறது. ஒரு கையெழுத்து மட்டும் குறைகிறது. கண்ணாடியை இன்னும் பொருத்தவில்லை. பேனாவும் இங்கேயே இருக்கிறது.

இவ்வண்ணம், என்றும் நன்றி மறவாத,
முதல் மாடி மூலை அறையின் ஐந்து மேசையினர், ஸ்டோர்க்காரர், உதவியாளர் அண்ணன், அலுவலகப் பிரிவினர், டீ கொண்டுவருபவர்.

செய்தவர்: இரண்டாம் மேசை
கொதித்ததா: இல்லை, மேடம்
கேட்டவர்: ........................